வெள்ளம் வடிந்து மூன்றாம் மாதம் வந்த பில்

2025 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலை. கல்முனைப் பக்கம் ஒரு கராஜில் நாங்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். டபள் கெப் ஒன்று ஜக்கில் ஏறி நின்றது. பாஸ் கீழே படுத்துக்கொண்டு பின் டிபரன்சலின் அடி நட்டைக் கழற்றினார். ஒயில் வரவேண்டிய இடத்தில் முதலில் தண்ணிதான் சொட்டியது. அதற்குப் பிறகு வந்தது பால் தேத்தண்ணி நிறத்தில், நுரையோடு, கொழகொழ என்று.

"என்ன மனே, டிப்புக்குள்ள டீக்கடை போட்டு வெச்சிரிக்கீங்க?" என்றார் பாஸ். யாரும் சிரிக்கவில்லை. கெப்புக்குச் சொந்தக்காரக் காக்கா பக்கத்திலேயே நின்றார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த கெப் எங்களுடையது இல்லை. 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் தாழமுக்கம் எங்கட கரையோரத்தை நனைத்துத் தள்ளிய நாட்களில், நாங்கள் இரவல் வாங்கிய வாகனம். பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் சமைத்த சாப்பாட்டுப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு, துறைநீலாவணைப் பக்கமும் உள்ளே வயல் ஓரத்துக் குடியிருப்புகளுக்கும் நாலு நாள் ஓடினோம். ஒரு கர்ப்பிணி அக்காவையும் ரெண்டு வயசானவர்களையும் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். திறப்பைத் தரும்போது காக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீசல் மட்டும் நீங்க பாருங்க." திருப்பிக் கொடுக்கும்போது நாங்கள் கழுவித் துடைத்து, சீற்றில் இருந்த சோற்றுப் பருக்கையைக்கூடப் பொறுக்கித்தான் கொடுத்தோம். மனசு நிறைந்திருந்தது. படமும் போட்டோம்.

ஜனவரியில் அறுபதைத் தாண்டி ஓடினால் பின்னால் ஒரு கூவல் சத்தம். பெப்ரவரியில் அது இரைச்சல். பெயரிங் போய், கிரவுன் வீலிலும் பினியனிலும் பல் தின்று போயிருந்தது. அந்த பில்லைத்தான் நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைப் பார்த்த பிறகு எங்களுக்கு வந்த யோசனைகள்தான் இந்தக் கட்டுரை. வாகனம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வாசிக்கலாம். எங்களுக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

பின் சில்லுகள் ரெண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்குமே, அதுதான் டிப். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைத் திருப்பி ரெண்டு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற கியர்கள் அதற்குள் இருக்கின்றன. உள்ளே ரெண்டு மூன்று லீட்டர் கியர் ஒயில் கிடக்கும். மிச்ச இடம் முழுக்கக் காற்று. வாகனம் ஓடினால் கியர் சூடாகும், ஒயில் சூடாகும், காற்றும் சூடாகி விரியும். விரிந்த காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால், சில்லுப் பக்கத்திலும் பினியன் பக்கத்திலும் இருக்கிற ஒயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயில் கசியும். அதற்காகத்தான் எக்ஸலின் மேல்பக்கம் பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். பிரீதர் என்பது அதுதான். டிப்புடைய மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு படிந்து, கிறீஸ் படிந்து கிடக்கும்; பத்து வருசம் வாகனம் வைத்திருப்பவர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

சிக்கல் வருவது ஓடும்போது இல்லை, சூட்டோடு தண்ணிக்குள் இறங்கும்போது. மட்டக்களப்பிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு ஏ4 வீதியில் நாற்பது கிலோமீற்றர் ஓடி வந்த வாகனத்தின் டிப் கையை வைக்க ஏலாத சூட்டில் இருக்கும். 80 பாகை என்று வைப்போம். அது அப்படியே வெள்ளத்துக்குள் இறங்குகிறது. தண்ணி 28 பாகை. எக்ஸல் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினைந்து பங்கு. உள்ளே ஐந்து லீட்டர் காற்று இருந்தால் முக்கால் லீட்டர் அளவு வெற்றிடம். அந்த இடத்தை நிரப்ப எதையாவது இழுத்தாகவேண்டும். மூக்கு தண்ணிக்குள் இருந்தால் அது தண்ணியைத்தான் இழுக்கும்.

"எங்கட வாகனத்தில வால்வு வெச்ச பிரீதர், தண்ணி போகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி. வால்வு உள்ளே எதையும் விடாதுதான். ஆனால் உள்ளே இழுப்பு அப்படியே இருக்கும். அது ஒன்றரை மீற்றர் ஆழத் தண்ணியின் அழுத்தத்துக்குச் சமன். அரை மீற்றர் தண்ணிக்குள் நிற்கிற எக்ஸலை வெளியிலிருந்து தண்ணி அழுத்துவதைவிட, உள்ளேயிருந்து இழுப்பது மூன்று மடங்கு. ஒயில் சீலின் உதடு உள்ளே இருக்கிற ஒயிலை வெளியே விடாமல் பிடிக்கத்தான் வைக்கப்பட்டது. வெளியே இருக்கிற தண்ணியை மறிக்க இல்லை. பழைய சீல் என்றால் சொல்லவே வேண்டாம்.

இதில் எங்களை உலுக்கியது ஆழம்தான். கெப் ஒன்றின் பின் எக்ஸலில் பிரீதர் இருக்கிற உயரத்தை அளந்து பார்த்தோம். எங்களில் ஒருவன் பக்கத்தில் போய் நின்றான். முழங்கால். அவ்வளவுதான். இடுப்பளவுத் தண்ணிக்குள் நாங்கள் போகவே இல்லை, கவனமாகத்தான் ஓடினோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பயணத்திலும் டிப்புடைய மூக்கு தண்ணிக்குள்தான் இருந்திருக்கிறது. கொம்பனிக்காரர்கள் ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றர், ரேஞ்சருக்கு 800, புது டிஃபெண்டருக்கு 900 என்று தண்ணிக்குள் போகும் ஆழம் சொல்லுவார்கள். அது நல்ல நிலையில் இருக்கிற புது வாகனத்துக்கு, மெதுவாகப் போகும்போது. பத்துப் பதினைந்து வருசம் பழசான, சீல் காய்ந்த, பிரீதர் அடைத்த வாகனத்துக்கு அந்த இலக்கம் செல்லாது.

மருந்து வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னது. பிரீதரைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஓஸ் மாட்டக்கூடிய ஒரு பித்தளை நிப்பிளைப் பூட்டுவது. அதிலிருந்து ஒயிலுக்குத் தாங்கும் ஓஸ் ஒன்றை மேலே கொண்டுபோவது. முன் டிப், கியர்பொக்ஸ், நாலு சில்லு மாற்றுகிற பெட்டி, இவற்றுக்கும் தனித்தனி மூக்கு உண்டு. அவற்றின் ஓஸ்களை எஞ்சின் அறைக்குள் உயரமான இடத்தில் முடிக்கலாம். பின் டிப்புடையதைப் பின் லைற்றுக்குப் பின்னால், தொட்டியின் மேல் விளிம்புக்குக் கிட்ட முடித்தால் போதும். நுனியில் சின்ன பெற்றோல் பில்டர் ஒன்றை மாட்டி, வாய் கீழே பார்க்கிற மாதிரிக் கட்டினால் தூசியும் போகாது, மழையும் போகாது. சில வாகனங்களுக்குக் கொம்பனியே முன் டிப்புக்கு ஓஸ் போட்டு அனுப்பியிருக்கும், பின்னால் வெறும் மூடி இருக்கும். முதலில் கீழே குனிந்து பாருங்கள்.

சின்ன வேலை என்றாலும் கெடுக்கிறதுக்கு வழி நிறைய. நாங்கள் ரெண்டைக் கெடுத்தே பழகினோம். பின் எக்ஸல் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஓஸை இழுத்துக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே கழன்றுவிடும். ஆகவே எக்ஸலுக்கும் சேசிக்கும் இடையில் தாராளமாக விட்டுக் கட்டவேண்டும். அப்படி விட்ட ஓஸ் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கவும் கூடாது. தொங்கினால் தெறிக்கிற ஒயில் அந்த வளைவில் தேங்கி, ஓஸ் இருந்தும் மூக்கடைப்புத்தான். சைலன்சர் பக்கம் போனால் உருகும். சுழலுகிற தண்டுக்குப் பக்கத்தில் போனால் ஒரே சுற்றில் இழுத்துக்கொண்டு போகும். எல்லாவற்றையும்விட மோசமான யோசனை, கராஜில் நின்ற ஒரு அண்ணன் சொன்னது: "ஏன் இவ்வளவு கரைச்சல், ஒரு நட்டை வெச்சு ஓட்டையை அடைச்சு விடுங்களேன்." அடைத்தால் தண்ணிக்குள் இறங்கும் முன்பே, சூட்டில் சீல் பிதுங்கி, ஒயில் பிறேக்குக்குள் போகும். அப்புறம் டிப் இல்லை, ஆளே போக வேண்டியதுதான்.

ஓஸ் போட்டாலும் போடாவிட்டாலும் தண்ணிக்குள் ஓடிய வாகனத்தை ஒரு இரவு ஆட்டாமல் நிறுத்திவிட்டு, காலையில் அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தண்ணி ஒயிலைவிடப் பாரம், கீழேதான் நிற்கும். முதல் சொட்டே கதை சொல்லிவிடும். பிளேன்டீ நிறம் என்றால் சந்தோசம். பால்டீ என்றால் அன்றைக்கே ஒயிலை மாற்றவேண்டும். இந்த ஒரு வேலையை நாங்கள் டிசம்பர் முதல் வாரத்தில் செய்திருந்தால், அந்தப் பெயரிங்கும் பல்லும் தப்பியிருக்கும். தண்ணி கலந்த ஒயிலில் பல்லுக்கு நடுவே படலம் நிற்காது. இரும்பும் இரும்பும் உரசும். நிறுத்தி வைத்தாலோ துரு. எங்கட பக்கத்துத் தண்ணி வெறும் மழைத்தண்ணியும் இல்லை; வாவியும் கடலும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் உப்பும் கலந்துதான் வரும்.

இந்த விசயம் மெசின் ஓட்டுபவர்களுக்குப் புதுசு இல்லை. வயலில் சேறு அடித்துவிட்டு வரும் உழவு மெசினில் ஒயில் வெள்ளையாய்ப் போவதை எங்கட வாப்பாமாரும் அப்பாமாரும் ஒவ்வொரு போகத்திலும் பார்த்திருக்கிறார்கள், மாற்றியிருக்கிறார்கள். வட்டைக்குள் தெரிந்த அறிவு ரோட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கெப் வைத்திருக்கிற எங்கட வயசுப் பொடியன்களிடம் கேட்டால் எல்லோருக்கும் ஸ்னோக்கல் தெரியும். எஞ்சின் மூச்சு விட முன் கண்ணாடி ஓரமாக மேலே ஏறுகிற அந்தக் குழாய். அதன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணி போனால் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். ஆனால் அது வெளியே தெரியும், படத்தில் விழும். காட்டையே பார்க்காத கெப்புக்குக்கூட அழகுக்குப் பூட்டுகிறார்கள். பிரீதர் ஓஸ் யாருடைய படத்திலும் விழாது. எஞ்சின் செத்தால் அந்த நிமிசமே தெரியும், டிப் சாவது மூன்று மாதம் கழித்து, யாரும் பார்க்காத நேரத்தில். ஸ்னோக்கல் பூட்டுகிற காசில் ஒரு சின்னத் துண்டுக்கு நாலு மூக்குக்கும் ஓஸ் போடலாம். எங்களைக் கேட்டால் வரிசை அதுதான்: முதலில் ஓஸ், மறுகா ஸ்னோக்கல்.

இனி எங்களுக்குள் சண்டை வந்த இடம்.

அந்த பில்லில் ஒரு பங்கை நாங்கள் கட்டவேண்டும், அடுத்த மாரிக்கு முன் வாகனம் தருகிற எல்லோருக்கும் ஓஸும் ஒயிலும் எங்கட பொதுக்காசில் போடவேண்டும் என்று ஒருவன் சொன்னான். எங்கட தோழி ஒருத்தி எழும்பினாள். "சனம் காசு தந்தது அரிசிக்கும் பால்மாவுக்கும். கெப் வெச்சிரிக்கிற ஆளுக்கு டிப் கட்டிக் குடுக்கவா?" அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிவாரணக் காசு என்றால் எங்கட ஊரில் ஒவ்வொருவர் கண்ணும் அதன் மேல்தான். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த காசுகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

ஆனாலும் நாங்கள் கடைசியில் வந்து நின்றது மற்றப் பக்கம். இரவல் வாங்கிய பொருள் அமானிதம். வாங்கின மாதிரியே திருப்பிக் கொடுக்கவேண்டும். வெளியே கழுவி, உள்ளே தண்ணியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணி வேலை செய்து முடித்த பிறகு "அது உங்கட வாகனம்தானே" என்பது நல்லாயிருக்கிறதா? வாகனக்காரர் எல்லோரும் வசதிக்காரரும் இல்லை. 2024இல் எங்களுக்கு ஓடியவற்றில் லீசிங் கட்டி முடியாத பழைய லொறி இருந்தது, ஒருவருடைய முழுப் பிழைப்பான மெசின் இருந்தது. நிவாரணக் கணக்கில் நாங்கள் அரிசி எழுதுகிறோம், பருப்பு எழுதுகிறோம், டீசல்கூட எழுதுகிறோம். தேய்ந்த வாகனத்தை எழுதுவதில்லை. எழுதாத செலவு இல்லாத செலவு இல்லை. அதை யாரோ ஒருவர் தனியே, சத்தமில்லாமல் கட்டுகிறார். கட்டியவர் அடுத்த முறை திறப்பைத் தர யோசிப்பார். எங்கட ஊரில் வெள்ளத்தின் முதல் நாள், அரச உதவி வந்து சேரும் முன், ஆமிக்காரரின் உயர்ந்த வாகனங்கள் வரும் முன், ஓடுவது இந்த இரவல் வாகனங்கள்தான். 2011 ஜனவரியிலும் அப்படித்தான் நடந்தது என்று எங்கட மூத்தவர்கள் சொல்லுவார்கள். அந்தத் திறப்பு கைக்கு வராவிட்டால் எங்கட அரிசி சமைத்த இடத்திலேயே கிடந்து புளிக்கும்.

தோழி கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். நிவாரணத்துக்கு வந்த காசிலிருந்து ஒரு சதமும் எடுக்கக்கூடாது, இதற்கென்று தனியாகக் கேட்டு, தனியாகக் கணக்குக் காட்டவேண்டும். சரியான நிபந்தனை. அப்படியே செய்கிறோம்.

இன்னொரு பயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைப் போட எங்களுக்குத் தைரியம் இல்லை.

2024 நவம்பர் 26. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், வெள்ளம் குறுக்கே பாய்ந்த ரோட்டில், நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு மெசின் கவிழ்ந்தது. தண்ணி அவர்களைக் கொண்டுபோனது. தேடுதல் நாட்கணக்கில் நடந்தது. அதே நாட்களில் நாங்கள் இந்தப் பக்கம் கெப்பில் ஓடிக்கொண்டிருந்தோம். அந்த ரோட்டில் நாங்கள் இருந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டோம் என்று எங்களால் சத்தியம் பண்ண முடியாது. பெரிய சில்லு, பாரமான வாகனம், எத்தனையோ தடவை போன ரோடு. அந்த இடத்தில் நின்ற யாருக்கும் "போகலாம்" என்றுதான் தோன்றும்.

பிரீதர் ஓஸ் தண்ணியைத்தான் மறிக்கும், ஓட்டத்தை மறிக்காது. ஓடுகிற தண்ணி 30 சென்ரிமீற்றர் இருந்தால் சின்னக் கார்களை அள்ளிப்போகும், 60 சென்ரிமீற்றர் இருந்தால் ஜீப்பையும் கெப்பையும்கூடத் தூக்கும் என்று அமெரிக்க வானிலைக்காரர்கள் வருசக்கணக்காகச் சனத்துக்குச் சொல்லிவருகிறார்கள். 60 சென்ரிமீற்றர் என்றால் நாங்கள் அளந்த பிரீதரிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இல்லை. மூக்கு நனைகிற ஆழத்துக்கும் வாகனம் மிதக்கிற ஆழத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. ஓஸ் போட்ட தைரியத்தில் ஒருவன் அந்த ஒரு சாணைத் தாண்டினான் என்றால், அந்த ஓஸைப் பூட்டிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் ஓஸ் பூட்டிக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுக்கிறோம்: தேங்கி நிற்கிற தண்ணிக்கு மட்டும்தான் இது. முன்னால் ஒருவர் தடியோடு நடந்து பார்க்க ஏலாத இடத்துக்கு வாகனமும் போகாது. தண்ணி குறுக்கே ஓடுகிறதா, சின்னப் பிள்ளை காலளவு என்றாலும் நிற்கவேண்டியதுதான், தோணி வரும்வரை. பெட்டியில், தொட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டத்துக்குள் இறங்குவது எந்தக் காரணத்துக்கும் இல்லை.

கிட்டங்கித் தாம்போதியும் அப்படித்தான். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவே மாரி வந்தால் தண்ணி மேலால் பாய்வதும், பாதை அறுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோர்க்காரரும் இக்கரையில் நிற்பதும் எங்களுக்குச் செய்தியே இல்லை, பருவம். அங்கே உயரமான பாலம் வேண்டும் என்று சனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாகனத்தை உயர்த்துகிற வேலையில் நாங்கள் கெட்டிக்காரர் ஆகிவிட்டால், ரோட்டை உயர்த்தவேண்டியவர்களுக்கு வசதியாகப் போய்விடும் என்று எங்களில் ஒருவன் கேட்டான். கேள்வி சரிதான். பாலம் கேட்பதை நிறுத்தப்போவதில்லை. ஆனால் பாலம் வரும்வரை ஒவ்வொரு கார்த்திகையிலும் யாரோ ஒருவருடைய டிப்புக்குள் தண்ணி போய்க்கொண்டுதான் இருக்கும், அதற்கு நாங்கள் பதில் சொல்லவேண்டும்.

இதுவரை மூன்று கெப்புக்கும் ஒரு லொறிக்கும் ஓஸ் போட்டிருக்கிறோம். முதல் போட்டது காக்காவுடைய கெப்புக்கு. பூட்டி முடிந்ததும் அவர் கீழே குனிந்து ஓஸ் போகிற வழி முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். "இது எங்க போய் முடியிற?" என்று கேட்டார். பின் லைற்றுக்குப் பின்னால் காட்டினோம். "ம்" என்றார். அடுத்த மாரிக்குத் திறப்புத் தருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மெசின்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் மரை அளவு வேறு, நிப்பிள் கடைச்சலில் செய்யவேண்டியிருக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் முடிக்கப் பார்க்கிறோம். பெரியநீலாவணைக்கும் கல்முனைக்கும் இடையில் கடைச்சல் பட்டறை வைத்திருக்கிற, கூலியைக் கொஞ்சம் குறைக்கக்கூடிய பாஸ் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.